ஊரோடு விருந்துக்குப் போவது: ஐரோப்பியக் கிராமங்களின் பண்பாட்டுச் சந்திப்புகள்

பிரான்சிலோ ஜெர்மனியிலோ சின்ன ஊர் ஒன்றுக்குள் சாலை வழியாக நுழைந்தால், ஊர்ப் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகையும் நிற்பதைப் பார்க்கலாம். வேறு ஏதோ ஒரு நாட்டு ஊரின் பெயர் அதில் எழுதியிருக்கும். சில இடங்களில் இரண்டு மூன்று ஊர்ப் பெயர்கள்கூட இருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் வழிகாட்டிப் பலகை என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில், இந்த ஊரோடு எங்களுக்கு உறவு உண்டு என்று ஊர் மக்கள் தங்கள் வாசலில் எழுதி வைத்திருக்கும் அறிவிப்பு அது.

இப்படி உறவு வைத்துக்கொண்ட ஊர்கள் ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டாண்டுக்கு ஒருமுறையோ ஒன்றுகூடும். பஸ் பிடித்து, தூரம் அதிகமென்றால் விமானம் ஏறி, ஓர் ஊர்க்காரர்கள் இன்னோர் ஊருக்குப் போவார்கள். மூன்று நான்கு நாள் தங்குவார்கள். அடுத்த முறை அவர்கள் இங்கே வருவார்கள். கிராமங்களுக்கிடையிலான பண்பாட்டுப் பரிமாற்றம் என்று கனமான பெயரில் சொல்லப்படுவது அடிப்படையில் இவ்வளவுதான். நம் வழக்கில் சொல்வதென்றால், இரண்டு ஊர்கள் சம்பந்தி ஆகிவிடுகின்றன. ஒரு பக்கம் மட்டும் விருந்து வைத்துக்கொண்டே இருந்தால் சம்பந்தம் நிலைக்காது. போக்கும் வரவும் இருக்க வேண்டும்.

இதை நான் மிக மதிக்கிறேன். ஐரோப்பாவைப் பற்றி நாம் படிப்பதெல்லாம் பெரும்பாலும் பாரிஸ், லண்டன், பெர்லின் பற்றித்தான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலப்பரப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேல் கிராமப்புறம். ஏறத்தாழ 13.7 கோடிப் பேர் அங்கே வாழ்கிறார்கள். மக்கள்தொகையில் கிட்டத்தட்ட 30 விழுக்காடு. அவர்கள் ஒருவரையொருவர் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்பது பெரிய நகரங்களின் கதைக்குச் சற்றும் குறையாத கதை.

போருக்குப் பிறகு

இரண்டாம் உலகப் போர் முடிந்தது 1945-இல். பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே எழுபத்தைந்து ஆண்டுகளில் நடந்த மூன்றாவது பெரும்போர் அது. எல்லையோர ஊர்களில் மூன்று தலைமுறையும் சாவு வீடு பார்த்திருந்தது. அந்த நிலையில், 1950-இல், பிரான்சின் மோன்பெலியார் நகரமும் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் நகரமும் உறவு நகரங்களாயின. இரு நாட்டு ஊர்களுக்கிடையே போருக்குப் பின் ஏற்பட்ட முதல் இணைப்பு இதுதான் என்பார்கள். மோன்பெலியாரின் மேயர் லூசியன் தராதென், நாஜிகளை எதிர்த்துப் போராடியவர். புக்கன்வால்ட் வதைமுகாமில் அடைபட்டு உயிரோடு திரும்பியவர். ஜெர்மனி என்ற பெயரைக் கேட்டாலே முகம் திருப்பிக்கொள்ள அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. முகாமிலிருந்து திரும்பிய ஐந்தே ஆண்டில் அவர் ஜெர்மன் ஊரோடு கைகோத்தார். இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் படித்தால் விஷயத்தின் எடை புரியும்.

1951-இல் மேயர்கள் ஜெனீவாவில் கூடி ஐரோப்பிய உள்ளாட்சிகளுக்கென்று ஒரு பேரவையை அமைத்தார்கள். ஊர் இணைப்பைப் பரப்பியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1963 ஜனவரி 22 அன்று பிரெஞ்சு அதிபர் தெ கோலும் ஜெர்மன் பிரதமர் அடனாவரும் இரு நாட்டு நட்புறவுக்கான எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு இரு நாட்டு இளைஞர்களுக்கும் சேர்த்து ஒரு பொது அலுவலகம் வந்தது. இன்றுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் வழியாக எல்லை தாண்டிப் போய் வந்திருக்கிறார்கள். இன்று இந்த இரண்டு நாடுகளுக்கிடையில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட ஊர் இணைப்புகள் உள்ளன.

தொடக்கம் நகரங்களில் என்றாலும், வழக்கம் கிராமங்களுக்குப் பரவ அதிக நாள் ஆகவில்லை. அதற்கு வசதியான ஓர் அமைப்பு அங்கே ஏற்கெனவே இருந்தது. ஜெர்மன் கிராமத்தில் தன்னார்வத் தீயணைப்புப் படை இல்லாத ஊரைக் காண்பது அரிது. பித்தளை வாத்தியக் குழு, கால்பந்துச் சங்கம், தேவாலயப் பாடகர் குழு என்று ஒவ்வோர் ஊரிலும் ஆட்கள் சேர்ந்து ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள். ஒரு தீயணைப்புப் படைக்கு இன்னொரு தீயணைப்புப் படையிடம் பேச ஆயிரம் விஷயம் இருக்கும். பொது மொழி இல்லாவிட்டாலும் குழாயையும் வண்டியையும் காட்டிப் பேசிக்கொள்ளலாம். நல்ல ஊர் இணைப்புகள் பல இப்படி ஒரு சங்கத்துக்கும் இன்னொரு சங்கத்துக்குமான பழக்கத்தில்தான் வேர் பிடித்தன.

கிராமங்களைக் காப்பாற்றக் கிராமங்கள்

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு அத்தியாயம் ருமேனியாவில் இருக்கிறது. 1980-களின் இறுதியில் அந்நாட்டின் சர்வாதிகாரி சௌஷெஸ்கு ஒரு திட்டம் வைத்திருந்தார். நாட்டிலிருந்த சுமார் 13,000 கிராமங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இடித்துத் தள்ளி, மக்களை அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு மாற்றுவது என்ற திட்டம். வீடு, தோட்டம், கோழிக்கூடு, கல்லறைத் தோட்டம் எல்லாமே போக வேண்டியதுதான்.

இதைக் கேள்விப்பட்டு 1988 கடைசியிலும் 1989 தொடக்கத்திலும் பெல்ஜியத்தில் ஓர் இயக்கம் எழுந்தது. பெயர் 'ருமேனியக் கிராமங்கள் இயக்கம்'. அவர்கள் எடுத்த வழி அழகானது. பெல்ஜியத்திலும் பிரான்சிலும் மற்ற நாடுகளிலும் இருந்த ஊர்கள் ஒவ்வொன்றும், இடிபடும் அபாயத்திலிருந்த ஒரு ருமேனியக் கிராமத்தைத் தத்தெடுத்துக்கொள்வதாக அறிவித்தன. பெயர் சொல்லி, இந்தக் கிராமம் இனி எங்கள் கிராமம் என்று தீர்மானம் போட்டுக் கடிதம் எழுதின. போய்ப் பார்க்க வழியில்லை. எழுதிய கடிதம் போய்ச் சேருமா என்றும் தெரியாது. இருந்தும் ஊர் ஊராக எழுதினார்கள்.

1989 டிசம்பரில் சௌஷெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தது. அதுவரை பெயரளவில் மட்டுமே தெரிந்த கிராமங்களை நோக்கி லாரிகளில் மருந்தும் துணியும் உணவும் ஏற்றிக்கொண்டு மேற்கிலிருந்து ஆட்கள் கிளம்பினார்கள். தத்தெடுத்தவர்களும் தத்தெடுக்கப்பட்டவர்களும் முதல்முறையாக நேரில் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு, அதைச் சொல்லத்தான் வேண்டும். கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்று தொடங்கிய உறவு, சமமான உறவாக மாற நாளாகும். மாறிய இடங்களில்தான் உறவு நிலைத்தது. ருமேனியக் கிராமத்துப் பாட்டு, தச்சு வேலை, வைக்கோல் அடுக்கும் முறை இவற்றைக் கற்றுக்கொள்ள பெல்ஜியக்காரர் வந்து உட்கார்ந்த நாளில்தான் உதவி உறவாகிறது என்பது என் எண்ணம்.

நாட்டுக்கு ஓர் ஊர்

அதே 1989-இல் இன்னொரு காரியமும் நடந்தது. பிரான்சின் புவாத்தியே நகருக்கு அருகிலுள்ள சிஸ்ஸே என்ற கிராமத்தை மையமாக வைத்து, 'ஐரோப்பிய ஊரகச் சமூகங்களின் சாசனம்' உருவானது. இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் அப்போது 12 நாடுகள். நாட்டுக்கு ஓர் ஊர் வீதம் 12 ஊர்கள் சேர்ந்தன. இந்தக் கட்டுரையில் நான் அதிகம் நிற்க விரும்பும் இடம் இதுதான்.

ஏனென்றால் இதன் கணக்கு எளிமையானது, நியாயமானது. ஜெர்மனி பெரிய நாடு, லக்சம்பர்க் குட்டி நாடு என்ற பேச்சே இங்கே இல்லை. ஜெர்மனிக்கு ஹெப்ஸ்டெட், லக்சம்பர்க்குக்கு ட்ருவாவியேர்ஜ். ஆளுக்கு ஓர் ஊர். ஸ்பெயினில் எக்ஸ்ட்ரமதுரா பகுதியின் பியன்வெனிடா, இத்தாலியில் டஸ்கனியின் புச்சினே, கிரேக்கத்தில் கொலிந்த்ரோஸ், போர்ச்சுகலில் சமுவேல், இங்கிலாந்தில் டெஸ்பரோ என்று பட்டியல் போகும். இவற்றில் பல ஊர்களின் பெயர் அந்தந்த நாட்டு மக்களுக்கே தெரிந்திருக்காது. ஹெப்ஸ்டெட்டில் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான் வாழ்கிறார்கள்.

ஒன்றியம் வளர வளர இந்தக் குடும்பமும் வளர்ந்தது. 1995-இல் ஆஸ்திரியா, பின்லாந்து, சுவீடன் சேர்ந்தன; லாஸ்ஸே, கன்னுஸ், ஓக்கெல்போ என்று அவற்றின் ஊர்களும் இந்தக் குடும்பத்துக்கு வந்தன. ஓக்கெல்போ, சுவீடனின் பட்டத்து இளவரசியை 2010-இல் மணந்த டேனியல் வளர்ந்த ஊர். 2004-இல் ஒன்றியம் ஒரே நாளில் பத்து நாடுகளைச் சேர்த்துக்கொண்டது. எஸ்தோனியாவின் பொல்வா, லாத்வியாவின் கண்டவா, லித்துவேனியாவின் ஜாகரே, போலந்தின் ஸ்ட்ஷிஜூவ், மால்டாவின் கோசோ தீவிலுள்ள நடூர் எல்லாம் அந்தத் தொகுதியைச் சேர்ந்த நாடுகளின் ஊர்கள். 2007-இல் ருமேனியாவும் பல்கேரியாவும், 2013-இல் குரோவேஷியாவும் ஒன்றியத்துக்கு வந்தன. அவற்றுக்கும் ஓர் ஊர் உண்டு. எண்ணிக்கை 28 ஆனது. அரசியல் வரைபடத்தில் நடந்த மாற்றம் எதுவும் இங்கே வெறும் செய்தியாக வருவதில்லை. புது நாடு சேர்ந்தால், விருந்துக்கு வருபவர்களில் புதிதாக ஒரு கூட்டம் சேர்கிறது.

சந்திப்பு ஊர் மாற்றி ஊர் நடக்கும். முறை வரும் ஊர்தான் அந்த ஆண்டின் வீட்டுக்காரர். பியன்வெனிடாவிலிருந்து பொல்வாவுக்கு நேர்க்கோட்டில் அளந்தாலே 3,000 கிலோமீட்டருக்கு மேல். ஆலிவ் மரங்களுக்கு நடுவே வாழ்பவர்கள் பனிக்காலம் ஐந்து மாதம் நீளும் ஊருக்கு விருந்தாளியாகப் போகிறார்கள்.

ஒரு சந்திப்பு எப்படி நடக்கும்?

இனி நான் சொல்வது ஒரே ஊரின் கதை அல்ல. இத்தகைய சந்திப்புகள் பலவற்றுக்கும் பொதுவான நடைமுறை.

பஸ் வந்து நிற்பது பெரும்பாலும் ஊர்ப் பொதுக்கூடத்துக்கு முன்னால். பதினைந்து மணி நேரம், இருபது மணி நேரம் உட்கார்ந்து வந்த களைப்போடு ஆட்கள் இறங்குகிறார்கள். கூடத்துக்குள் நீளமான மேசைகள், காபி, கேக், ஊர்ப் பாலாடைக்கட்டி. ஒருவர் கையில் தாள். அதில் விருந்தாளிகளின் பெயர் ஒரு பக்கம், வீட்டுக்காரர்களின் பெயர் மறுபக்கம். பெயரைக் கூப்பிடக் கூப்பிட, உள்ளூர்க் குடும்பம் ஒன்று எழுந்து வந்து கைகுலுக்கித் தன் விருந்தாளியின் பெட்டியை வாங்கிக்கொள்கிறது. யார் சைவம், யாருக்கு நாய் என்றால் பயம், யாரால் மாடி ஏற முடியாது, இதெல்லாம் அந்தத் தாளில் ஏற்கெனவே எழுதியிருக்கும். அந்தப் பட்டியலைச் சரியாகப் போடுவதுதான் ஏற்பாட்டாளர்களுக்குப் பெரிய வேலை என்று இதில் ஈடுபடுகிற எவரும் சொல்வார்கள்.

இரவு தங்குவது அந்த வீட்டில்தான், ஹோட்டலில் அல்ல. சாசன ஊர்களின் பழக்கத்துக்கே இதுதான் ஆதாரம். இந்த ஒன்றை எடுத்துவிட்டால் மீதி இருப்பது ஒரு சுற்றுலாதான் என்று உறுதியாகச் சொல்வேன். மேடையில் நடக்கும் நடனத்தை எங்கே இருந்தாலும் பார்த்துவிடலாம். ஆனால் ஒரு ஹங்கேரிக்காரர் காலையில் ரொட்டியை எப்படி நறுக்குகிறார், பின்லாந்து வீட்டில் குழந்தைகளோடு எப்படிப் பேசுகிறார்கள், ஆஸ்திரிய விவசாயி இரவு மேசையில் எந்தக் கடனைப் பற்றிப் புலம்புகிறார் என்பதெல்லாம் சமையலறையில் உட்கார்ந்தால் மட்டுமே தெரியும்.

மொழி? முதல் நாள் கொஞ்சம் தடுமாற்றம்தான். இளையவர்கள் ஆங்கிலத்தில் சமாளித்துக்கொள்வார்கள். பெரியவர்களிடம் ஜெர்மன் கொஞ்சம், பிரெஞ்சு கொஞ்சம், மீதி கை ஜாடை. இப்போது போனில் மொழிபெயர்ப்புச் செயலி வந்துவிட்டதால் இரவுச் சாப்பாட்டின்போது போன் கைமாறிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஆங்கிலம் தெரிந்த பிள்ளை இருந்தால் அந்த நாலு நாளும் பாட்டிக்கும் விருந்தாளிக்கும் நடுவில் அதற்கு ஓய்வே கிடையாது.

பகலில் நடப்பது ஊருக்கு ஊர் மாறும். ஆனால் பொதுவாக ஒரு கருப்பொருள் இருக்கும்: குடிநீர், இளைஞர் வேலைவாய்ப்பு, முதியோர் பராமரிப்பு, மின்சாரம். காலையில் அதைப் பற்றிப் பேச்சு. பிற்பகல் ஊரைச் சுற்றிக் காட்டுவார்கள். அப்புறம் ஒரு நாள் மாலை எல்லா ஊர்களும் தங்கள் உணவை மேசையில் பரப்பி வைக்கும். கடைசி இரவு ஆட்டம், பாட்டம், உள்ளூர் மது. புறப்படும் காலையில் எல்லோரும் மீண்டும் அதே பொதுக்கூடத்தின் முன் நிற்பார்கள், பொட்டலம் பொட்டலமாகச் சாப்பாட்டோடு.

விருந்தாளிக்கு எதைக் காட்டுவது?

ஊர் சுற்றிக் காட்டும் பிற்பகலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தன்னிடம் என்ன இருக்கிறது என்று ஓர் ஊர் யோசிக்கும் நேரம் அது.

சைப்ரஸின் மலையூரான பானோ லெஃப்காராவை எடுத்துக்கொள்வோம். சாசனத்தில் சைப்ரஸுக்கான ஊர் அது. அங்கே பெண்கள் செய்யும் பின்னல் வேலைப்பாட்டை 2009-இல் யுனெஸ்கோ மானுடத்தின் கலாச்சார மரபுகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. லினன் துணியில் இழைகளை எண்ணி அறுத்து எடுத்துவிட்டு, மிச்சமுள்ள இழைகளைக் கட்டித் தைத்து உருவம் கொண்டுவருவார்கள். வளைந்து வளைந்து ஓடும் ஒரு வடிவத்துக்கு 'ஆறு' என்று பெயர். பெண்கள் குறுகலான தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டே தைப்பார்கள். அந்தக் காலத்தில் ஆண்கள் இந்தத் துணிகளை எடுத்துக்கொண்டு ஐரோப்பா முழுக்க விற்கப் போனார்கள். அதே ஊரில் வெள்ளிக் கம்பி வேலையும் உண்டு.

விருந்தாளி இதைக் கடையில் பார்த்து வாங்கிப்போனால் அது வியாபாரம். தைக்கும் பெண்மணியின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஓர் இழையை அறுத்துப் பார்த்து, தப்பாக அறுத்துவிட்டு, அவர் அதைச் சரிசெய்வதைப் பார்த்தால் அது வேறு. எஸ்தோனியாவிலோ போர்ச்சுகலிலோ தைக்கத் தெரிந்த ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், மொழியே வேண்டாம். அவரே தன் பையிலிருந்து தன் ஊர் வேலைப்பாட்டை எடுத்துக் காட்டுவார். கிராமத்தார் கிராமத்தாரைச் சந்திப்பதன் தனிச் சுவை இங்கேதான். இரண்டு பக்கமும் கையில் தொழில் இருக்கிறது.

ஸ்லோவாக்கியாவின் மெட்ஸெவ் ஊரில் வேறு கதை. பல நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறிய ஜெர்மன் பேசும் மக்கள் அங்கே ஓடை நீரால் இயங்கும் சுத்தியல் பட்டறைகள் அமைத்து, மண்வெட்டியும் களைக்கொட்டும் அடித்து நாடெங்கும் அனுப்பினார்கள். ஹங்கேரியின் நாட்ஜ்செங்கில், அந்நாட்டு அறிவியல் கழகம் உருவாக 1825-இல் தன் ஓராண்டு வருமானத்தைக் கொடுத்த இஷ்ட்வான் செச்செனியின் மாளிகையும் கல்லறையும் இருக்கின்றன. லித்துவேனியாவின் ஜாகரே செர்ரிப் பழத்துக்குப் பேர் போனது, கோடையில் செர்ரித் திருவிழா நடக்கும்.

ஜாகரேயில் செர்ரி மட்டும் இல்லை. 1941 அக்டோபர் 2 அன்று அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ஐரோப்பாவில் இப்படி ஒரு நாளைச் சுமக்கும் ஊர்கள் நிறைய. விருந்தாளி வரும்போது பூவும் பழமும் மட்டும் காட்டி அனுப்பினால் ஊரின் பாதி மறைந்துவிடும். ஊர் இணைப்பே போரின் காயத்திலிருந்து பிறந்தது என்பதால், கொலை நடந்த அந்த இடத்துக்கும் விருந்தாளியைக் கூட்டிப்போவதுதான் நேர்மை என்று நினைக்கிறேன்.

பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி சொந்தப் பணம். பயணச் செலவை விருந்தாளி ஏற்றுக்கொள்வார், சாப்பாடும் படுக்கையும் வீட்டுக்காரர் பொறுப்பு. கேக் விற்று, லாட்டரிச் சீட்டு விற்று, கிறிஸ்துமஸ் சந்தையில் கடை போட்டு ஊர்க்குழு கொஞ்சம் சேர்த்து வைக்கும். உள்ளாட்சி சிறிது தரும்.

ஒன்றியமும் உதவுகிறது. 1989 முதலே ஊர் இணைப்புகளுக்கு ஐரோப்பிய ஆணையம் நிதி தந்து வருகிறது. 2007 முதல் 2020 வரை அது 'குடிமக்களுக்கான ஐரோப்பா' என்ற திட்டத்தின் கீழ் நடந்தது. கடைசி ஏழாண்டில் ஒரு சந்திப்புக்கு அதிகபட்சம் 25,000 யூரோ. குறைந்தது 25 பேராவது வெளிநாட்டு ஊர்களிலிருந்து வர வேண்டும், சந்திப்பு 21 நாளுக்கு மேல் போகக் கூடாது. 2021-இல் திட்டத்தின் பெயரும் அமைப்பும் மாறின. ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மொத்தத் தொகையாகக் கொடுக்கும் முறை தொடர்கிறது. இளைஞர்களுக்கு எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் தனி வழி இருக்கிறது: 13 முதல் 30 வயது வரை, ஐந்து நாளிலிருந்து 21 நாள் வரை.

விண்ணப்பம் எழுதுவது சுலபமில்லை. ஆயிரம் பேர் ஊரில் அதற்கென்று அலுவலர் இருக்க மாட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரவு உட்கார்ந்து நிரப்புவார். நிதி உண்மையில் யாருக்கு வேண்டுமோ, அந்தக் குட்டி ஊர்தான் படிவத்தில் தடுக்கி விழுகிறது. இதை மாற்றாமல் கிராமங்களுக்கு உதவுகிறோம் என்று சொல்வதில் பொருளில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள்

இதே குடும்பத்தில் வேறு வகைச் சந்திப்புகளும் உண்டு. 1964-இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் தொடங்கிய யூரோப்பியாட், நாட்டார் கலைகளுக்கான விழா. ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்களும் பாடகர்களும் தங்கள் வட்டார உடையில் ஆண்டுதோறும் ஒரு நகரத்தில் கூடுகிறார்கள். அங்கே மையம் மேடையும் ஊர்வலமும்.

'ஐரோப்பிய ஊரக நாடாளுமன்றம்' இன்னொரு வகை. பெயர்தான் நாடாளுமன்றம், சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. சுவீடனில் 1989-இலேயே கிராம இயக்கங்கள் இப்படிக் கூடத் தொடங்கின. ஐரோப்பா அளவிலான முதல் கூட்டம் 2013-இல் பிரஸ்ஸல்ஸில். 2015-இல் ஆஸ்திரியாவின் ஷேர்டிங்கில் கூடியபோது ஓர் ஊரக அறிக்கையை ஏற்றார்கள். 2017-இல் நெதர்லாந்தின் வென்ஹார்ஸ்ட் என்ற கிராமம், 2019-இல் ஸ்பெயினின் காண்டாஸ் என்ற மீன்பிடித் துறைமுகம். பஸ், மருத்துவர், இணையம், பள்ளிக்கூடம் என்று கோரிக்கைகளை எழுதி பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்புவது இவர்கள் வேலை. ஊரக வளர்ச்சிக்காக 1991-இல் ஒன்றியம் தொடங்கிய லீடர் திட்டத்தின் உள்ளூர்ச் செயற்குழுக்களும் நாடு தாண்டிக் கூட்டுத் திட்டங்கள் நடத்துகின்றன.

கோரிக்கை எழுதும் கூட்டத்தையும் விருந்துக் கூட்டத்தையும் தனித்தனியாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்பெயினில் உள்நாட்டுக் கிராமங்கள் காலியாகின்றன; 2019 மார்ச் 31 அன்று பல்லாயிரம் பேர் மாட்ரிட் தெருக்களில் அதற்காக ஊர்வலம் போனார்கள். லாத்வியாவிலும் பல்கேரியாவிலும் இளைஞர்கள் மேற்கு நாடுகளுக்குப் போய்விட்டார்கள். தன் ஊர்ப் பள்ளி மூடப்பட்டபோது தன் ஊருக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று நினைத்திருந்த ஒருவர், இரவுச் சாப்பாட்டின்போது இன்னொரு நாட்டுக்காரரும் அதையே சொல்லக் கேட்கிறார். அங்கே மூடாமல் காப்பாற்றிய ஊர் இருந்தால் எப்படிக் காப்பாற்றினார்கள் என்று கேட்டுக்கொண்டு வருகிறார்.

குறைகள்

முதல் குறை, முகங்கள் மாறாமல் இருப்பது. முப்பது ஆண்டுக்கு முன் முதல் பஸ்ஸில் ஏறியவர்களே இன்றும் ஏறுகிறார்கள், இப்போது எழுபது வயதில். பிள்ளைகள் மலிவு விமானத்தில் தாமாகவே உலகம் சுற்றுகிறார்கள். அவர்களுக்கு ஊர்க்குழுவின் பஸ் தேவைப்படவில்லை. இளையவர்களுக்கு ஏற்பாட்டில் உண்மையான பொறுப்பைக் கொடுத்த ஊர்களில் நிலைமை பரவாயில்லை. மேயரும் அவர் நண்பர்களும் மட்டும் போய்வரும் பயணமாகச் சுருங்கிய இடங்களில் ஊருக்கே அதில் அக்கறை போய்விடும்.

அடுத்தது வேலைப்பங்கீடு. ஆண்கள் மேடையில் பேச, பெண்கள் அடுப்படியில் நிற்பது ஐரோப்பாவிலும் நடக்கிறது. சந்திப்பு முடிந்த மறுநாள் படுத்துவிடுபவர்கள் யார் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று ஒன்றியத்தை விட்டு வெளியேறியது மூன்றாவது. 2021 அக்டோபர் முதல் பெரும்பாலான ஐரோப்பியர்கள் அடையாள அட்டையை மட்டும் காட்டி அங்கே போக முடியாது, பாஸ்போர்ட் வேண்டும். ஜெர்மன் கிராமத்துப் பெரியவர் பலரிடம் பாஸ்போர்ட்டே கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை. பள்ளிக் குழுக்களுக்கும் இது பெரிய இடைஞ்சலானது. இங்கிலாந்து ஊர்களோடு உறவு வைத்திருந்த குழுக்களுக்கு இந்தத் தாள் வேலை பெரிய வருத்தம்.

தொடங்க வேண்டுமென்றால்

முதலில் குழு. மேயர் மாறினாலும் நிற்க வேண்டும் என்றால் குழு உள்ளாட்சிக்கு வெளியே தனிச் சங்கமாக இருப்பது நல்லது. பிரான்சில் பெரும்பாலும் அப்படித்தான். பிறகு, தன் அளவுக்குப் பொருந்தும் ஊரைத் தேட வேண்டும். ஆயிரம் பேர் ஊர் ஐம்பதாயிரம் பேர் நகரத்தோடு சேர்ந்தால் விருந்து வைக்கவே திணறிப் போகும். முதல் பயணத்தில் பத்துப் பதினைந்து பேர் போனால் போதும்; அதில் ஒரு சங்கத்தினராவது சேர்ந்தே போவது உசிதம், கால்பந்தோ பாட்டுக் குழுவோ. திருப்பி அவர்கள் ஒருமுறை வந்து போகும் வரை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாமல் இருப்பது புத்திசாலித்தனம். ஆர்வத்தில் கையெழுத்துப் போட்டு, பலகை நட்டு, பிறகு யாரும் போகாமல் விட்ட உறவுகளும் ஐரோப்பாவில் இருக்கின்றன.

ஜெர்மனி, பிரான்ஸ், டென்மார்க், நார்வே நாடுகளின் சிறிய ஊர்களில் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் நாற்பது ஆண்டுகளாக வாழ்கின்றன. அப்படி வாழ்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் ஊருக்கு உறவு ஊர் இருக்கிறதா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஒரு கூடுதல் அறை இருந்தால் விருந்தாளியை ஏற்கும் குடும்பங்களின் பட்டியலில் பெயர் கொடுங்கள். போலந்திலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ வருபவர் உங்கள் வீட்டில் தங்கி இடியாப்பம் சாப்பிட்டுவிட்டுப் போனால், உங்கள் ஊரைப் பற்றி அவர் சொல்லப்போகும் செய்தியில் நீங்களும் இருப்பீர்கள். பட்டியல் பெரும்பாலும் சில மாதம் முன்பே போட்டுவிடுவார்கள். ஆகவே கோடைச் சந்திப்புக்குக் குளிர்காலத்திலேயே கேட்டு வைப்பது நல்லது.